நான்-கிளாசிக்கல் மோனோசைட் எல்.பி.எஸ்-க்கு அசையவே இல்லை, எங்கே தவறு?

வெள்ளணு எழுதியது:

வணக்கம். நோயெதிர்ப்பியலில் ஆய்வு மாணவன் நான், இரண்டாம் ஆண்டு. மூன்று வாரமாக ஒரு முடிவை வைத்துக்கொண்டு குழம்புகிறேன். இங்கே இரத்தச் செல்களோடு தினமும் பழகுகிறவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளை (ஒரு வகை வெள்ளணு), மேல்பரப்பில் இருக்கும் சிடி14, சிடி16 என்ற இரண்டு புரதங்களை வைத்து மூன்றாகப் பிரித்தேன். சிடி14 நிறைய இருந்து சிடி16 இல்லாதவை கிளாசிக்கல், இரண்டும் உள்ளவை இடைநிலை, சிடி14 மங்கலாகவும் சிடி16 பளிச்சென்றும் இருப்பவை நான்-கிளாசிக்கல். ஒரு குழிக்கு 50,000 செல் வீதம் போட்டு, செல்லைத் தூண்ட மி.லி.க்கு 10 நானோகிராம் எல்.பி.எஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுத் துண்டு) கொடுத்து, 18 மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து, மேலே நிற்கும் திரவத்தில் டி.என்.எஃப், ஐ.எல்-6, ஐ.எல்-10 என்ற மூன்று சைட்டோகைன்களையும் (செல்கள் வெளியே விடும் சமிக்ஞைப் புரதங்கள்) அளந்தேன். சீரம் சேர்க்காத மீடியம்தான் பயன்படுத்தினேன், எங்கள் ஆய்வகத்தில் அதுதான் வழக்கம்.

கிளாசிக்கல் மூன்றையும் கொட்டியது. இடைநிலை ஓரளவு கொடுத்தது. நான்-கிளாசிக்கல் குழிகளில் எல்.பி.எஸ் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான்கு பேரின் இரத்தத்திலும் இதே கதை.

ஆனால் நான் படித்தவற்றில் பாதி, சிடி16 உள்ள மோனோசைட்டுகள்தான் அழற்சியைத் தூண்டுபவை, டி.என்.எஃப்-இன் முக்கிய ஊற்றே அவைதான் என்கின்றன. மீதிப் பாதி நேர்மாறாகச் சொல்கின்றன. ஐ.எல்-10 விஷயத்திலும் இதே இழுபறி. என் கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் எது அழற்சி மோனோசைட்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பிரித்ததில் தவறா, அந்தக் கட்டுரைகளில் தவறா, அல்லது கேள்வியே தவறா? சார்ட்டிங்குக்கு (சாயமிட்ட செல்களைக் கருவியில் வகை பிரிப்பதற்கு) சிடி14, சிடி16, இறந்த செல்லைக் காட்டும் சாயம் இவ்வளவுதான் போட்டேன், லிம்போசைட்டுகளை அளவையும் துகள்தன்மையையும் வைத்து ஒதுக்கினேன்.

மேசைவிளக்கு எழுதியது:

கடைசி வரியில்தான் எனக்குப் பொறி தட்டியது. மோனோசைட்டுக்கு மட்டுமே உரிய அடையாளம் ஒன்றுகூட உங்கள் நான்-கிளாசிக்கல் கேட்டில் (எந்தச் செல்லை எடுப்பது என்று படத்தில் வரையும் எல்லை) இல்லை. சிடி14 மங்கல், சிடி16 பளிச். இரத்தத்தில் இருக்கும் என்.கே. செல்களில் (கெட்டுப்போன செல்களைக் கொல்லும் லிம்போசைட் வகை) பெரும்பாலானவை சிடி16 வைத்திருக்கின்றன, சிடி14 அவற்றில் கிடையாது. நியூட்ரோஃபில்களிலும் சிடி16 கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அடர்த்தி வேறுபாட்டில் பிரிக்கும்போது அவை பெரும்பாலும் அடியில் இறங்கிவிடும், பிரச்சினை குறைவு. என்.கே. செல்கள் மோனோசைட்டுகளோடு அதே அடுக்கில்தான் மிதக்கும். அளவை வைத்து ஒதுக்கினேன் என்கிறீர்கள், ஆனால் நான்-கிளாசிக்கல் மோனோசைட் கிளாசிக்கலைவிடச் சின்னது, அதன் ஓரம் லிம்போசைட் கூட்டத்தோடு உரசிக்கொண்டுதான் நிற்கும். கேட்டைக் கொஞ்சம் தாராளமாக வரைந்தால் என்.கே. உள்ளே வந்துவிடும், இறுக்கி வரைந்தால் உங்களுக்கு வேண்டியதே வெளியே போய்விடும்.

அதனால் மோனோசைட்டில் இருக்கும் எச்.எல்.ஏ-டி.ஆர் சேருங்கள், என்.கே.வின் அடையாளமான சிடி56-ம் சேருங்கள். எச்.எல்.ஏ-டி.ஆர் இருக்கிற, சிடி56 இல்லாத செல்லை மட்டும் எடுத்து, அதற்குள் சிடி14-ஐயும் சிடி16-ஐயும் பாருங்கள். சார்ட் செய்த செல்லில் ஒரு சின்னப் பங்கை எடுத்து இன்றைக்கே மறுபடி சாயமிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இடம் இருந்தால் சிடி36-ம் போடலாம், கிளாசிக்கலில் அது பளிச்சென்று தெரியும், எல்லைக் கோட்டை வரைய உதவியாக இருக்கும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் நான் சார்ட்டரே தொடவில்லை, வேண்டாத செல்களையெல்லாம் காந்தத்தில் பிடித்து ஒதுக்கிவிட்டு மோனோசைட்டைத் தொடாமல் எடுக்கும் கிட்தான் பயன்படுத்தினேன். எல்லா மாதிரியிலும் சிடி16 மோனோசைட் இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்த மக்களிடம் இது குறைவு என்றே எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் கிட்டோடு வரும் தாளை முழுதாகப் படித்தபோது, ஒதுக்குவதற்கான ஆன்டிபாடிக் கலவையில் சிடி16-க்கான ஆன்டிபாடியும் இருப்பது தெரிந்தது. நியூட்ரோஃபிலையும் என்.கே.வையும் விரட்டப் போட்டது, எனக்கு வேண்டிய மோனோசைட்டையும் சேர்த்து விரட்டிவிட்டது. சிடி14-ஐப் பிடிக்கும் காந்த மணி (பீட்) போட்டுப் பிடித்தாலும் இதேதான், வேறு வழியில்: சிடி14 மங்கலான செல் பீடில் சரியாக ஒட்டாது. ஆறு மாத வேலை போனது எனக்கு இன்றும் வலிக்கிறது, அதனால்தான் யாராவது மோனோசைட் பிரித்தேன் என்றால் எப்படிப் பிரித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

இன்னொன்று. மோனோசைட் தூண்டப்பட்டால் தன் மேல்பரப்பில் இருக்கிற சிடி16-ஐத் தானே வெட்டி உதிர்த்துவிடும், அடம்17 என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. தூண்டிய பிறகு சாயமிட்டுப் பிரித்தால் நேற்று நான்-கிளாசிக்கலாக இருந்தது இன்று வேறு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் முதலில் பிரித்துவிட்டுத் தூண்டியிருக்கிறீர்கள், அது சரி. ஆனால் நீங்கள் படித்த கட்டுரைகளில் எது எந்த வரிசையில் செய்தது என்று திரும்பிப் பாருங்கள்.

குழாய்ச்சுவர் எழுதியது:

மேசைவிளக்கு சொன்னதை முதலில் சரிபாருங்கள். ஆனால் என்.கே. எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் உங்கள் முடிவு பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது உண்மையான முடிவு.

எல்.பி.எஸ் எப்படி உணரப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுத் துண்டு தனியாக டி.எல்.ஆர்4 என்ற ஏற்பியில் போய் உட்காருவதில்லை. சீரத்தில் எல்.பி.பி. என்ற புரதம் அதைப் பிடித்து சிடி14-இடம் கொடுக்கிறது, சிடி14 அதை எம்.டி-2-இடம் கைமாற்றுகிறது, எம்.டி-2 டி.எல்.ஆர்4-ஓடு ஒட்டிக்கொண்டு இருப்பது. கைக்குக் கை மாறிப் போகும் சங்கிலி. சிடி14 எல்.பி.எஸ்-ஐப் பிடிக்கும் ஏற்பி என்பது 1990-லேயே தெரிந்துவிட்டது. அதாவது நீங்கள் எந்த மூலக்கூறை வைத்து நான்-கிளாசிக்கலை "மங்கல்" என்று பிரித்தீர்களோ, அதே மூலக்கூறுதான் நீங்கள் கொடுத்த தூண்டலை வாங்கும் கை. கை சின்னதாக இருக்கிற செல்லைத் தேடிப் பிடித்து வைத்துவிட்டு, அந்தக் கையால் வாங்க வேண்டிய பொருளைக் கொடுத்திருக்கிறீர்கள். போதாததற்குச் சீரம் இல்லாத மீடியம். சீரத்தில் எல்.பி.பி. இருக்கிறது, செல்லோடு ஒட்டாமல் மிதக்கிற கரைந்த சிடி14-ம் இருக்கிறது. மேல்பரப்பில் சிடி14 இல்லாத இரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்கள்கூட அந்தக் கரைந்த சிடி14-ஐக் கடன் வாங்கித்தான் எல்.பி.எஸ்-க்குப் பதில் சொல்கின்றன. அந்த உதவியையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

சரி, அப்படியானால் இந்தச் செல் எதற்குத்தான் அசையும்? 2010-ல் வந்த ஒரு ஆய்வு இதை நேராகவே பார்த்தது. மனிதரின் சிடி14 மங்கலான மோனோசைட்டுகள் எல்.பி.எஸ்-க்குச் சோம்பலாகவே பதில் சொன்னன, ஆனால் வைரஸ்களையும், டி.எல்.ஆர்7, டி.எல்.ஆர்8 வழியாக உணரப்படும் நியூக்ளிக் அமிலங்களையும் கொடுத்தபோது டி.என்.எஃப், ஐ.எல்-1 பீட்டா, சிசிஎல்3 என்று கொடுத்தன. லூபஸ் நோயில் உருவாகும், நியூக்ளிக் அமிலத்தைச் சுமந்த ஆன்டிபாடிக் கூட்டுகளுக்கும் அப்படியே. நீங்கள் ஆர்848 போட்டுப் பாருங்கள். அது டி.எல்.ஆர்7, 8 இரண்டையும் தொடும். கிளாசிக்கலும் அதற்குக் குதிக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நான்-கிளாசிக்கல் உயிரோடு இருக்கிறதா, பேசத் தெரிந்ததா என்பதுதான்.

அந்தச் செல்லின் தினசரி வேலை வேறு. 2007-ல் எலிகளின் உயிருள்ள இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இதற்கு இணையான செல்கள் குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தன. இரத்தம் எந்தப் பக்கம் ஓடினாலும் அவற்றுக்குக் கவலையில்லை, ஓட்டத்தோடும் போகும், எதிர்த்தும் போகும், பக்கவாட்டிலும் திரும்பும். எல்.எஃப்.ஏ-1 என்ற பிடிமானத்தால் ஊர்கின்றன. எலியில் செய்த இன்னொரு ஆய்வில், சுவரில் ஆபத்து அறிகுறி தெரிந்த இடத்தில் இவை நின்றுவிட்டு நியூட்ரோஃபில்களைக் கூப்பிடுவதும், கெட்டுப்போன சுவர்ச் செல் விழுந்த பிறகு அந்தக் குப்பையை விழுங்கி எடுப்பதும் தெரிந்தது. மனிதச் செல்களை எலியின் குழாய்களில் விட்டபோதும், சிடி14 மங்கலானவைதான் அப்படிச் சுவரில் ஊர்ந்தன.

பிளாஸ்டிக் குழியில் சுவரும் இல்லை, ஓட்டமும் இல்லை. இந்தச் செல்களில் சிஎக்ஸ்3சிஆர்1 மிக அதிகம், குழாய்ச் சுவர் காட்டும் ஃப்ராக்டல்கைனை அது பிடித்துக்கொள்ளும், எலியில் அந்தப் பிடி இல்லாவிட்டால் இவை சீக்கிரம் செத்துப்போகின்றன. அதனால் 18 மணி நேரம் கழித்துக் குழியில் எத்தனை உயிரோடு இருந்தன என்று எண்ணினீர்களா? எண்ணாவிட்டால் செல்லுக்கு இவ்வளவு டி.என்.எஃப் என்று சொல்ல முடியாது.

நாள்கணக்கு எழுதியது:

நான் சொல்ல வருவது கைடு கேட்ட கேள்வியைப் பற்றி. மூன்று வேறு வேறு தொழில் செய்கிற மூன்று வேறு செல்கள் என்று நினைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் "எது அழற்சி மோனோசைட்" என்ற கேள்வி வருகிறது. மனித இரத்தத்தில் அப்படி இல்லை.

2017-ல் தன்னார்வலர்களுக்கு டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸ் கொடுத்து ஒரு வேலை செய்தார்கள். புதிதாகப் பிறக்கும் செல்லின் டி.என்.ஏ.வில் அந்தக் கனமான ஹைட்ரஜன் போய் உட்காரும், பிறகு தினமும் இரத்தம் எடுத்து எந்த வகையில் அது எப்போது தென்படுகிறது என்று பார்த்தார்கள். முதலில் கிளாசிக்கலில் வந்தது. எலும்பு மஜ்ஜையில் ஒன்றரை நாள் சொச்சம் இருந்துவிட்டு இரத்தத்துக்கு வந்து, ஏறக்குறைய ஒரே நாள் சுற்றிவிட்டு, பெரும்பாலானவை திசுக்களுக்குப் போய்விட்டன. கொஞ்சம் மட்டும் இரத்தத்திலேயே தங்கி இடைநிலையாக மாறின, அங்கே நாலு நாள். அப்புறம் நான்-கிளாசிக்கல், ஒரு வாரம். அடையாளம் இந்த வரிசையில்தான் நகர்ந்தது. எல்.பி.எஸ்-ஐச் சிறு அளவில் உடலில் செலுத்தியபோது ஓரிரு மணி நேரத்தில் மோனோசைட்டே இரத்தத்தில் காணாமல் போய், திரும்ப வந்ததும் இதே வரிசையில்தான், கிளாசிக்கல் முதலில், மற்றவை பின்னால்.

எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். உங்கள் ஃப்ளோ படத்தில் (சிடி16 கிடையாக, சிடி14 நெடுக்காக) வலப்பக்கம் வளைந்து இறங்கும் அந்த வாழைப்பழ வடிவக் கூட்டம் இருக்கிறதே, அது ஒரு வயதுப் பாதை. இடைநிலை என்று நாம் வெட்டி எடுப்பது பாதையின் நடுவில் ஒரு துண்டு. கத்தியை எங்கே வைப்பது என்று இயற்கை கோடு போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு ஆய்வகம் கோட்டை இடப்பக்கம் அரை அங்குலம் தள்ளினால் பாதி வயது கடந்த கிளாசிக்கல் நிறைய உள்ளே வரும், இன்னொன்று வலப்பக்கம் தள்ளினால் நான்-கிளாசிக்கல் வரும். ஐந்து சதவீதமே இருக்கும் கூட்டத்தில், பக்கத்து வீட்டிலிருந்து கொஞ்சம் வந்தாலும் சராசரி முழுவதும் புரண்டுவிடும். இடைநிலை ஐ.எல்-10 நிறையக் கொடுக்கும் என்று ஒரு கட்டுரையும், கிளாசிக்கல்தான் கொடுக்கும் என்று இன்னொன்றும் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நான் நம்புகிறேன். எச்.எல்.ஏ-டி.ஆர் இடைநிலையில் உச்சம், சிசிஆர்5-ம் அதில்தான் அதிகம், இதில் அதிகம் சண்டை இல்லை. சைட்டோகைனில்தான் சண்டை.

டி.என்.எஃப் குழப்பத்துக்குத் தனிக் கதை உண்டு. சிடி16 உள்ள மோனோசைட்டுகள் முதலில் 1989-ல் விவரிக்கப்பட்டன. அதிலிருந்து இருபது வருடம் வரை பெரும்பாலோர் இரண்டே வகையாகத்தான் பிரித்தார்கள், சிடி16 உண்டு, இல்லை, அவ்வளவுதான். 2010-ல்தான் மூன்று பெயர் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2002-ல் சிடி16 உள்ளவையே டி.என்.எஃப்-இன் முக்கிய ஊற்று என்று வந்த புகழ்பெற்ற முடிவு அந்த இருவகைக் காலத்தது. சிடி14-ம் தாராளமாக உள்ள இடைநிலை அந்தக் கூட்டுக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, அந்த வாக்கியத்தை நான்-கிளாசிக்கல் தலையில் வைத்துப் பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டினார்கள். உங்கள் முடிவு அந்தக் கட்டுரைக்கு எதிரானது இல்லை. அதே பெயர் வேறு செல்லுக்குப் போய்விட்டது, அவ்வளவே.

நேரத்தையும் மாற்றுங்கள். டி.என்.எஃப் முதல் சில மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும், ஐ.எல்-10 பிந்தி வந்து அதை அடக்கும். 18-ஆம் மணியில் மட்டும் பார்த்தால் யார் முதலில் பேசினார்கள் என்பது தெரியாது. 4 மணி நேரத்தில் ஒரு தட்டு, 18-ல் ஒரு தட்டு வையுங்கள். முடிந்தால் முழு இரத்தத்திலேயே தூண்டி, செல்லுக்குள் சைட்டோகைனைச் சாயமிட்டும் பாருங்கள், அங்கே சீரமும் உண்டு, மேலே சொன்ன சங்கிலியும் முழுதாக இருக்கும். ஆனால் இதில் தூண்டிய பிறகுதான் சிடி16-ஐப் பார்க்க வேண்டி வரும், அது உதிரும் சிக்கல் திரும்ப வரும். சிடி16-க்கான ஆன்டிபாடியை முதலிலேயே ஒட்டிவிடலாமே என்று தோன்றும், ஆனால் அது ஒரு ஏற்பியைப் பிடித்து இழுப்பதும்கூட, அதுவே சின்னத் தூண்டல் ஆகலாம். முழுச் சுத்தமான வழி எதுவும் இல்லை, இரண்டு வழியில் செய்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

கொலைஞன்56 எழுதியது:

என்.கே. பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்களிடமும் இதே நோய் இருந்தது. இரத்த என்.கே. செல்களில் பத்தில் ஒன்று சிடி56 பளிச், மீதி ஒன்பது சிடி56 மங்கல். பளிச் என்றால் சைட்டோகைன் தொழிற்சாலை, மங்கல் என்றால் கொலையாளி என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரி. ஐ.எல்-12, ஐ.எல்-18 கொடுத்தால் உண்மையிலேயே பளிச் வகைதான் இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டும். ஆனால் கே562 போன்ற இலக்குச் செல்லைக் கொடுத்துப் பாருங்கள், மங்கல் வகை அதைத் தொட்ட இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இன்டர்ஃபெரான் காமாவை விட ஆரம்பிக்கும், பளிச் வகை பின்தங்கி நிற்கும். பளிச் வகையை ஐ.எல்-15-ல் ஊறப்போட்டால் அதுவும் நன்றாகக் கொல்லும். யார் என்ன செய்வார் என்பது யார் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் எல்.பி.எஸ் குழியில் நான்-கிளாசிக்கலை யாரும் கூப்பிடவே இல்லை.

புதியவள் எழுதியது:

மன்னிக்கவும், நான் அறிவியல் படித்தவள் இல்லை, தேடும்போது இங்கே வந்தேன். என் அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் மோனோசைட் 9 சதவீதம் என்று பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறது. நீங்கள் பேசுகிற இந்த மூன்றில் எது கூடியிருக்கிறது என்று அதில் தெரியுமா? பயமாக இருக்கிறது.

வார்டுக்காரன் எழுதியது:

தெரியாது அம்மா. வழக்கமான இரத்த எண்ணிக்கைக் கருவி செல்லின் அளவு, அதன் மேல் ஒளி சிதறும் விதம் போன்றவற்றை வைத்து "இது மோனோசைட்" என்ற அளவோடு நிறுத்திவிடும். சிடி14, சிடி16 எல்லாம் தனியாக ஆன்டிபாடி போட்டுச் செய்யும் வேலை, அதை எல்லாருக்கும் செய்வதில்லை. 2-லிருந்து 8 என்று பல புத்தகங்கள் எல்லை போடும், சில ஆய்வகங்கள் 10 வரை இயல்பு என்றே எழுதும். மற்ற வெள்ளணுக்கள் கொஞ்சம் குறைந்தால்கூட இந்தச் சதவீதம் தானாக ஏறும், அதனால் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தொற்றிலிருந்து எழுந்து வரும் நாட்களிலும் ஏறும். 9 என்ற ஒற்றை எண்ணை வைத்து இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், பரிசோதனை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் முழுத் தாளையும் காட்டுங்கள், அம்மாவுக்குக் காய்ச்சல், எடை குறைவு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெள்ளணு, உங்களுக்கு மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. இரத்தம் கொடுத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று எழுதி வைத்தீர்களா? கடும் உடற்பயிற்சி முடிந்த கையோடு எடுத்தால் சிடி16 மோனோசைட்டுகள் சில மடங்கு கூடியிருக்கும், குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை அட்ரினலின் வேகத்தில் கழன்று ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஊர்ந்துகொண்டிருப்பவை என்று மேலே ஒருவர் எழுதினாரே, அவையேதான். நேர்மாறாக, அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தவருக்குச் சில நாளிலேயே சிடி16 உள்ளவை ஏறக்குறைய துடைத்தெடுத்தது போல ஆகிவிடும், கிளாசிக்கல் மட்டும் நிற்கும். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்து, கடந்த மாதம் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு ஊசி குத்துங்கள்.

இடைநிலை வெறும் பாதையின் நடுத்துண்டு என்று நாள்கணக்கு சொன்னது சரிதான், ஆனால் அதனால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயக் குழாய்ப் படம் எடுக்க வந்த 951 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில், இடைநிலை மோனோசைட் எண்ணிக்கை கூடியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வந்தன, மற்ற ஆபத்துக் காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. டயாலிசிஸில் இருக்கிறவர்களிடமும் சிடி16 உள்ளவை கூடி இருப்பதையும் அது கெட்ட அறிகுறி என்பதையும் அதற்கு முன்பே பார்த்தார்கள். பாதையின் நடுவில் கூட்டம் சேர்ந்தால் முன்னால் எங்கோ தடை இருக்கிறது, அல்லது பின்னாலிருந்து வேகமாக வருகிறார்கள். எது என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

புதியவள் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அம்மாவுக்குப் போன வாரம்தான் காய்ச்சல் விட்டது. திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறோம்.

வெள்ளணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், வெறுங்கையோடு வரக் கூடாது என்று காத்திருந்தேன்.

மேசைவிளக்கு சொன்னது அப்படியே நடந்தது. உறைய வைத்திருந்த மாதிரியில் மறுபடி சாயமிட்டேன். நான் நான்-கிளாசிக்கல் என்று பிடித்த கேட்டில் மூன்றில் ஒரு பங்கு எச்.எல்.ஏ-டி.ஆர் இல்லாமல் சிடி56 உள்ள செல். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் திரையை விட்டு எழுந்து போய்விட்டேன். புதிதாக இரத்தம் எடுத்து, இந்த முறை எச்.எல்.ஏ-டி.ஆர், சிடி56 இரண்டும் போட்டுப் பிரித்தேன். மீடியத்தில் மனித சீரம் 10 சதவீதம். 4 மணி, 18 மணி என்று இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் எல்.பி.எஸ், ஆர்848, ஒன்றும் போடாதது. முடிவில் உயிரோடு இருப்பவற்றை எண்ணி, அதற்கேற்பக் கணக்கிட்டேன்.

எல்.பி.எஸ்-இல் நான்-கிளாசிக்கல் இப்போது கொஞ்சம் அசைகிறது. கொஞ்சம்தான், கிளாசிக்கலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. குழாய்ச்சுவர் சொன்னதுபோல அந்தச் சோம்பல் உண்மைதான். ஆனால் ஆர்848 குழியின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சைட்டோகைனை அளக்கும் எலைசா தட்டில் நீலம் ஏறும்போது கிளாசிக்கல் வரிசையும் நான்-கிளாசிக்கல் வரிசையும் சேர்ந்தே கறுத்து வந்தன, 4 மணி நேரத் தட்டிலேயே. அத்தனை நாள் செத்த செல் என்று நினைத்திருந்தேன். 18-ஆம் மணியில் நான்-கிளாசிக்கலில் பாதிக்கும் குறைவாகத்தான் உயிரோடு இருந்தன, எண்ணியிருக்காவிட்டால் அதையும் தவறாகப் படித்திருப்பேன்.

இடைநிலை பற்றி என்னிடம் இன்னும் தெளிவு இல்லை, மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஐ.எல்-10 கிளாசிக்கலைவிடக் குறைவு, ஒருவருக்கு அதிகம். அந்த ஒருவரின் படத்தை எடுத்துப் பார்த்தால் கோட்டை நான் கொஞ்சம் இடப்பக்கம் வைத்திருக்கிறேன்.

கைடிடம் காட்டினேன். "அழற்சி மோனோசைட்" என்ற சொல்லை என் படங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் தூண்டலின் பெயரையும் மணியையும் எழுதச் சொன்னார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இடைநிலைக்கும் கிளாசிக்கலுக்கும் நடுவில் கோட்டை எந்த அடிப்படையில் வைக்கிறீர்கள்? சிடி16 சாயம் போடாத மாதிரியை வைத்தா, வேறு வழியிலா?

நாள்கணக்கு எழுதியது:

சிடி16 மட்டும் விட்டுவிட்டு மற்ற சாயம் எல்லாம் போட்ட குழாய் ஒன்று ஒவ்வொரு நாளும் ஓட்டுங்கள், அதில் கிளாசிக்கல் கூட்டம் எங்கே முடிகிறதோ அங்கே நிமிர்ந்த கோடு. இடைநிலைக்கும் நான்-கிளாசிக்கலுக்கும் நடுவில் இருக்கும் கோட்டுக்கு இது உதவாது, அங்கே கிளாசிக்கல் கூட்டத்தின் சிடி14 அடிமட்டத்தை வைத்து நான் சாய்க்காமல் நேராக வெட்டுகிறேன், சிலர் சாய்வாக வெட்டுகிறார்கள். எப்படி வெட்டினாலும் படத்தை அப்படியே கட்டுரையில் போடுங்கள். ஐ.எல்-10 கூடிய அந்த ஒருவரின் மாதிரியை இரண்டு இடத்திலும் கோடு வைத்துத் திரும்பப் பாருங்கள், முடிந்தால் இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.